மாதேவி ஏறி நின்ற கம்பித் தட்டுகள்

கரி அடுப்பில் ஒரே நேரத்தில் நூறு கோழித் தொடை வாட்டுகிறவர்களுக்குக் கம்பித் தட்டு விற்பது என் வேலை. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடை. கடையின் பெயர் வேண்டாம். முதலாளி சீனிவாசன் நன்றாகத்தான் இருக்கிறார், எனக்கும் இன்னும் அங்கேதான் சம்பளம்.

வீட்டுக்குத் தட்டு வாங்க வருகிறவர்கள் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். துத்தநாகப் பூச்சு போட்ட கம்பி வெள்ளி மாதிரி மின்னும். நெருப்பில் வைத்தால் அந்தப் பூச்சு உருகிக் கறியில்தான் இறங்கும் என்று நாங்களாகச் சொல்வதில்லை. சமையல் காண்ட்ராக்ட்காரர்கள் கொஞ்சம் விவரமானவர்கள், சட்டைப் பையில் காந்தம் கொண்டு வருவார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். காந்தம் ஒட்டாத மட்ட ரகமும் உண்டு. அதையும் நாங்கள் சொல்வதில்லை. காளிதாஸ் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர். அவர் தட்டைச் சோதிக்கத் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவார்.

தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்கென்று மைசூருக்கு வந்து, ஒரு சமையல்காரரிடம் கரி அடுப்புக்கு விசிறப் போய், கடைசியில் தானே தொழில் தொடங்கினார். இந்த ஊரில் கல்யாணம் முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ சம்பந்தி வீட்டாருக்குக் கறிவிருந்து போடுவார்கள், பீகர ஊட்டா என்பார்கள். அதில் கோழி வாட்டுகிற பகுதி மட்டும் காளிதாஸ் கையில் இருக்கும். மீதிச் சமையல் வேறு ஆட்களுடையது.

அவர் தட்டு வாங்குகிற முறையை எங்கள் தெருவே அறியும். கடை வாசலில் நான்கடி இடைவெளி விட்டு இரண்டு சிமென்ட் கல்லை வைக்கச் சொல்வார். தட்டை அவற்றின் மேல் பாலம் போலக் கிடத்துவார். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நூலை இழுத்துக் கட்டுவார். பிறகு மனைவியைப் பார்த்து, "ஏறு" என்பார். மாதேவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி நடுவில் நிற்பார். காளிதாஸ் மண்டி போட்டு, நூலுக்கும் கம்பிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு விரல் அளவுக்குத் தொய்ந்தால் எடுத்துக்கொள்வார், இரண்டு விரல் தொய்ந்தால் தள்ளிவிடுவார்.

அரிசி மூட்டையை வைத்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டிருக்கிறேன். மூட்டை பரவி உட்காரும், கால்தான் ஓர் இடத்தில் அழுத்தும் என்றார். தட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோ கறிதானே ஏறும், எதற்கு இவ்வளவு பாரம் என்றேன். குளிர்ந்த கம்பி எண்பது கிலோவைத் தாங்கினால்தான் பழுத்த கம்பி பத்துக் கிலோவைத் தாங்கும் என்றார். அதில் தப்பொன்றும் இல்லை. அவர் தேர்ந்தெடுத்த தட்டு எதுவும் அதுவரை நெருப்பில் காலை வாரியதில்லை.

முதல் தடவை வந்தபோது இன்னொன்றும் செய்தார். எங்கள் கடையில் அலுமினிய அண்டாவை எடைபோட்டு விற்பதால் தரையோடு ஒரு தராசுப் பலகை உண்டு. "இவ எத்தனை இருக்கான்னு பாத்துருவோம்" என்று மாதேவியை அதன் மேல் ஏற்றினார். எண்பத்து நான்கு. அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எதிரே வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த போர்ட்டர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து மாதேவிக்குத் தெருவில் எண்பத்து நான்கு என்றே பெயர். சிமென்ட் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தவன் நான். நானும் சிரித்தேன்.

மாதேவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பத்தெட்டு வயது இருக்கும். மைசூர் வந்த புதிதில் விஜயநகரப் பக்கம் ஆறேழு வருஷம் செங்கல் சுமந்தவர். கோழி வாட்டுகிற தொழிலில் காளிதாஸ் பெயர் வாங்கினாலும் மசாலா அரைப்பதும், தடவி ஊற வைப்பதும், அனலில் நின்று தொடையைத் திருப்பிப் போடுவதும் இவர்தான். இரண்டு முன்னங்கையிலும் முடி கிடையாது, அனலில் பொசுங்கியது பொசுங்கியதுதான். குழந்தை இல்லை. கடைக்கு வந்தால் என் மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒரு நாள் காளிதாஸ் உள்ளே விலை பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாக, "கூச்சமா இருக்குது தம்பி. நான் எறங்கினதும் வெரசாக் கல்ல எடுத்துப் போட்ருங்க" என்றார். அதற்குப் பிறகு கல்லை உடனே எடுத்துவிடுவேன். நான் அவருக்குச் செய்த உதவி அவ்வளவுதான்.

இனி சொல்வதை எனக்குச் சாதகமாகச் சொல்ல முடியாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் ஆறு தட்டு வாங்க வந்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் கம்பி, எப்போதும் எடுக்கும் சரக்கு. மாதேவி ஏறி நின்றார். காளிதாஸ் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, முக்கால் விரல்தான் தொய்கிறது, கம்பெனிக்காரன் இப்போது நல்ல கம்பி போடுகிறான் என்று சந்தோஷப்பட்டார். கம்பெனிக்காரன் எதையும் மாற்றவில்லை. நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். ரவிக்கையின் கைப்பகுதியை இரண்டு பக்கமும் ஊசி குத்திச் சிறிதாக்கியிருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. பதினோரு வருஷமாக எடையும் கனமும் பார்க்கிறவன் நான். பத்துக் கிலோவாவது குறைந்திருக்கும் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றவன் மனைவியின் உடம்பைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நடுத்தெருவில் அவரை மேடையேற்றக் கல் தூக்கிப் போட்டவனுக்கு அந்த நாகரிகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பங்குனியில் மறுபடி வந்தார்கள். தொய்வு அரை விரல். அன்றைக்கு அக்கா தட்டிலிருந்து இறங்கியதும் கவிழ்த்து வைத்திருந்த அண்டா மேல் உட்கார்ந்துவிட்டார். சோறு இறங்க மாட்டேன் என்கிறது, வயிற்றில் ஏதோ கல் மாதிரி இருக்கிறது, அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்துவிடலாமா என்று கணவரைக் கேட்டார். ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். சித்திரை முகூர்த்தம் முடியட்டும் என்றார் காளிதாஸ். பிறகு என்னைப் பார்த்து, "எருமையாட்ட இருந்துக்கிட்டு சோறு எறங்கலீங்கறா" என்று சிரித்தார். எதிரே எருமை மாதிரி ஒருவரும் இல்லை. சேலைக்குள் ஒரு பெண் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சித்திரை முடிந்தது, வைகாசியும் முடிந்தது. ஆடியில் கல்யாணமே கிடையாது, மாதம் முழுக்கச் சும்மாதான் இருப்பார்கள். ஆனால் ஹனூரில் நிலத் தகராறு என்று காளிதாஸ் போய்விட்டார். அந்த மாதத்தில் அக்கா தனியாக ஒரு முறை கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்க வேண்டும், கூட ஆள் இல்லாமல் போனால் பார்ப்பார்களா என்று கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதியத்துக்கு மேல் ஓய்வு கிடைத்தால் நானே கூட வருகிறேன் என்றேன். மதியம் குண்டலுபேட்டைக்காரன் ஒருவன் ஓட்டலுக்குச் சாமான் வாங்க வந்துவிட்டான், பெரிய வியாபாரம். அக்கா நாலு மணி வரை கடை வாசலில் நின்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். மறுநாள் வரச் சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

இந்த வருஷம் சித்திரைக் கடைசியில் காளிதாஸுக்குப் பெரிய வேலை கிடைத்தது. நஞ்சன்கூடு சாலையில் ஒரு மண்டபம், எண்ணூறு பேருக்குப் பீகர ஊட்டா. இது நன்றாக நடந்தால் அந்த மண்டபத்தின் எல்லா விருந்திலும் கோழி வாட்டும் வேலை இவருக்குத்தான் என்று மண்டபக்காரர் சொல்லியிருந்தார். காளிதாஸ் அக்காவோடு வந்து நாற்பது தட்டு வேண்டும் என்றார்.

எங்கள் குடோனில் நாலு மில்லிமீட்டர் கம்பித் தட்டு அறுபது இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஓட்டல்காரன் எவனும் அதைத் தொட மாட்டான், இரண்டு அடுப்பு கண்டால் வளைந்துவிடும். அதைத் தள்ளிவிடச் சொல்லி முதலாளி என்னைத் தினம் குடைந்துகொண்டிருந்தார். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஏறி நின்றால்தான் தெரியும். ஏறி நிற்பது யார் என்று எனக்குத் தெரியும்.

நான் குடோனுக்குப் போய் நாலு மில்லிமீட்டர் தட்டை எடுத்து வந்தேன். தவறுதலாக எடுக்கவில்லை.

கல்லை வைத்தேன். நூல் கட்டினார். அக்கா செருப்பைக் கழற்றினார். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், முன்பெல்லாம் பிடிக்க மாட்டார். அந்தக் கையில் கனமே இல்லை. தட்டின் நடுவில் நின்றதும் காலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். வருஷக்கணக்காக இந்தத் தட்டுகளின் மேல் நின்றவர் அவர். அவர் உள்ளங்காலை என்னால் ஏமாற்ற முடியவில்லை. கீழே குனிந்து கம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

கீழே காளிதாஸ் ஒரு விரல் என்றார். எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"வேற ஆரையாச்சும் நிக்க வெச்சுப் பாருங்க" என்றார் அக்கா. "நான் முன்ன மாதிரி இல்லீங்க. எம்பட கனத்த நம்பி வாங்காதீங்க."

வாழைத்தார் போர்ட்டர் ஒருவன் கன்னடத்தில் ஏதோ சொன்னான், இரண்டு பேர் சிரித்தார்கள். காளிதாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. தொழிலைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம், இறங்கு என்றார். அக்கா இறங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அக்கா இளைத்திருக்கிறார் அண்ணா, தராசில் ஏற்றிப் பாருங்கள் என்று சொன்னால் தட்டும் மாறியிருக்கும், அவரும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். நான் நூலை அவிழ்க்கக் குனிந்துகொண்டேன். பிறகு நாற்பது தட்டையும் கட்டுக்கட்டாக ஆட்டோவில் ஏற்றினேன்.

விருந்தன்று நடந்ததைக் காளிதாஸ் வாயிலிருந்தே கேட்டேன். பந்தி பதினொன்றரைக்கு. செங்கல் அடுக்கி நீளமாக அடுப்புப் போட்டு, மேலே தட்டுகளை வரிசையாக வைத்துக் கோழியைப் பரப்பியிருக்கிறார்கள். முதல் ஈடு இறங்கியது. இரண்டாம் ஈட்டில் தட்டுகள் நடுவில் குழிந்தன, தொடையெல்லாம் குழிக்குள் உருண்டன. மூன்றாம் ஈட்டில் ஓரத்துப் பற்றவைப்பு விட்டுக் கம்பிகள் கழன்று, கோழி கோழியாகக் கரியில் விழுந்தது. அக்கா இடுக்கியால் எடுத்து எடுத்துச் சாம்பலைத் துடைத்திருக்கிறார். சாம்பல் படிந்த தொடையைச் சம்பந்தி வீட்டார் இலையில் வைத்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா இலையோடு எழுந்துவிட்டார். மண்டபக்காரர் எல்லார் முன்னாலும் காளிதாஸைக் கெட்ட வார்த்தையில் திட்டி வெளியே போகச் சொன்னார். அங்கே வைத்தே காளிதாஸ் இடுக்கியைப் பிடுங்கி அக்காவை அடித்திருக்கிறார். நீ சரியாக நிற்கவில்லை என்று சொல்லி அடித்தாராம். இதையும் அவர்தான் சொன்னார், மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வளைந்த தட்டுகளோடும் அக்காவோடும் கடைக்கு வந்தார். எண்பத்து நாலு கிலோ ஏற்றிச் சோதித்து வாங்கிய தட்டு இது, தெருவே சாட்சி, நாற்பதையும் மாற்றிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் சண்டை பிடித்தார். சீனிவாசன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. எண்பத்து நாலு கிலோவா, பார்த்துவிடலாமே என்றார். என்னிடம் தராசுப் பலகையைக் காட்டினார்.

அக்காவின் கன்னத்தில் இடுக்கியின் தடம் நீளமாகக் கன்றியிருந்தது. நான் வேண்டாம் சார் என்றேன். என் வாழ்க்கையில் தாமதமாகச் சொன்னதெல்லாம் இப்படித்தான் வெறும் சத்தமாகப் போயிருக்கிறது. அக்கா தானாகவே போய்ப் பலகையில் ஏறினார்.

ஐம்பத்து மூன்று.

முதலாளி எண்ணைப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாசலில் கூடியிருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. காளிதாஸ் தராசைக் காலால் உதைத்தார், மறுபடி பார்த்தார். ஐம்பத்து மூன்றுதான். "முப்பது கிலோ கொறஞ்சத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?" என்று மனைவியைக் கேட்டார். பலகையிலிருந்து இறங்கக் காலை எடுத்த அக்கா அப்படியே அண்டா அடுக்கின் மேல் சரிந்தார்.

கடைக்குள் ஏதாவது ஆகிவிடக்கூடாது, முதலில் கூட்டிக்கொண்டு போ என்று முதலாளி என்னை விரட்டினார். ஆட்டோ பிடித்தேன். காளிதாஸ் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க மண்டபக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். அவர் எடுக்கவில்லை. பின்னால் அக்காவின் தலை என் தோளில் இருந்தது. பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக அது அதே பத்து நிமிஷத் தொலைவில்தான் இருந்தது.

மனிஷா என்று ஒரு டாக்டரம்மா. அவருடைய அம்மா தமிழ் என்பதால் எங்களோடு தமிழிலேயே பேசினார். வயிற்றைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது. உடனே ஸ்கேன் எடுக்க அனுப்பினார். மதியம் ரிப்போர்ட் வந்ததும் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவியிருக்கிறது என்றார். எத்தனை நாளாக இளைத்துக்கொண்டு வருகிறார் என்று காளிதாஸைக் கேட்டார்.

"இப்பத்தானுங்க. இன்னிக்குக் காத்தாலதான் எங்களுக்கே தெரியும்" என்றார் காளிதாஸ்.

அக்கா கட்டிலில் படுத்திருந்தார். தலையைத் திருப்பாமலே கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். "அந்தத் தம்பியக் கேளுங்கம்மா. அவருக்குத் தெரியும்."

டாக்டரம்மா என்னை மகனா என்று கேட்டார். இல்லை, பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன் என்றேன். அவர் பேனாவோடு காத்திருந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையிலிருந்து என்றேன். அப்போது பத்துக் கிலோ, பங்குனியில் இன்னும் கொஞ்சம், ஆடியில் இன்னும் கொஞ்சம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அப்போதே கூட்டி வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

காளிதாஸ் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ தெரிஞ்சேதான் அந்தத் தட்டக் குடுத்தியா?"

அவருக்கு அந்த நேரத்தில் கேட்கத் தோன்றியது அதுதான். எனக்கும் அதற்குப் பதில் யோசிக்கத்தான் தோன்றியது. கட்டிலில் இருந்தவரை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"டாக்டரம்மா" என்றார் அக்கா. "இவிங்க ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லுங்க. இன்னும் எத்தன நாளுன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

நாங்கள் வெளியே வந்தோம். நர்ஸ் கதவைச் சாத்தினார். வராந்தாவில் காளிதாஸ் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தி, நாற்பது தட்டையும் மாற்றித் தருவாயா மாட்டாயா என்று கேட்டார். மாற்றித் தருகிறேன் என்றேன்.